கான்ட்ராக்டரின் பின்ரூம்

அன்புள்ள உனக்கு,

கோலார் ஆஸ்பத்திரியில் குடியால் மஞ்சளேறிய உன் கண்களைப் பார்த்து வந்ததிலிருந்து வேலை ஓடவில்லை.

நேற்று சாராயக் கான்ட்ராக்டர் முனிரத்தினம் என்னைக் கூப்பிட்டார். "இன்னாப்பா, உன் கூட்டாளி எப்ப வருவான்? ரெண்டு ஆம்பளைங்க ஒண்ணா சாஞ்சி உக்கார என் கடை பின்ரூம விட்டா எடம் ஏது? வரட்டும், மொத பாட்டில் சும்மா தரேன்" என்றார்.

நிஜம்தான். குடித்தால்தான் அந்தக் கதவு நமக்குத் திறந்தது. உன் தோளுக்காகவே நானும் குடித்தேன்.

"இனிமே வர மாட்டோம்ண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

மாரிகுப்பத்தில் வாடகைக்கு ஓர் அறை பிடித்திருக்கிறேன். ஊர் பேசினால் பேசட்டும். டாக்டர் அனுப்பியதும் நேராக அங்கே வந்துவிடு. குடிக்காமல் நாம் கையைக்கூடப் பிடித்ததில்லை. எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வா.

உன்னுடையவன்