பதினேழாவது சொல்லுக்கு எழுதிய உதாரணம்

ரீகா,
செப்டம்பர், ஞாயிறு

அன்புள்ள காத்திஸ்,

நான் நலம். நீயும் நலமென்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய்; அங்கே மழை என்றாய்; தூக்கம் வருகிறது என்றாய். அவ்வளவுதான் பேசினோம். அதனால் இதைத் தாளில் எழுதுகிறேன். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கைபேசியில் படித்துவிட முடியாதபடி.

உன் அம்மா நன்றாக இருக்கிறார். தோட்டத்து ஆப்பிள் ஒரு கூடை கொண்டுவந்தார், பாதி அழுகல். குளியலறைக் குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. நூலகத்தில் என் ராஜினாமாக் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை. இன்னும் பன்னிரண்டு நாளில் வரும் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அதற்குள் கொடுத்தால்தான் அக்டோபரில் லக்ஸம்பர்க் வந்து உன்னோடு இருக்க முடியும். எழுதி வைத்திருக்கிறேன், பையில்தான் இருக்கிறது. ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் மொழிபெயர்ப்பு வேலைக்காக நீ கணினியில் பகிர்ந்த சொற்பட்டியலை மூன்று வாரமாகச் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரைவசியைச் சுற்றி நாற்பது ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் நம் மொழியில் பொருள், ஒரு உதாரண வாக்கியம். நம் லாத்வியம் இயல்பாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தாய். முதல் சொல்லிலேயே நான்கு நாள் நின்றுவிட்டேன். ஆங்கிலக்காரர்களுக்கு அது கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை. நம்மிடம் ரகசியத்துக்குச் சொல் உண்டு, தனிமைக்கு உண்டு, ஒதுங்கி வாழ்வதற்கு உண்டு. இதற்கு மட்டும் கடன் வாங்கிய சொல், அலுவலகக் காகித வாசனையோடு. ஒரு பண்ணைவீட்டின் புகை அடுத்த வீட்டுக்குத் தெரியாதபடி நடுவில் காட்டை விட்டு வாழ்ந்தவர்களுக்குத் தனிச் சொல் தேவைப்பட்டிருக்காது என்று ஓரத்தில் எழுதினேன். நீ அதற்குப் பதில் போடவில்லை. உன்னோடு வேலை செய்யும் இங்குனா போட்டிருந்தாள்: "அழகாகச் சொன்னீர்கள்." அப்போதே கொஞ்சம் எரிந்தது.

நேற்று நாட்காட்டியில் என் பெயர் போட்டிருக்கும் நாள், என் பெயர்நாள். யாரையும் அழைக்கவில்லை, பெயர்நாளுக்கு யார் அழைக்கிறார்கள்? நாட்காட்டியில் பெயரைப் பார்த்தவர்கள் வருவார்கள், காப்பியும் திரித்துச் சுட்ட கிளிங்கெரிஸ் இனிப்பு ரொட்டியும் தயாராக இருக்க வேண்டும். உன் அம்மா வந்தார், கீழ்வீட்டுத் தம்பதி வந்தார்கள், நூலகத்திலிருந்து மூன்று பேர். நான்கு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் இங்குனா! பெற்றோரைப் பார்க்க ஊருக்கு வந்தாளாம். "நாட்காட்டியில யவுஸ்மான்னு பார்த்தேன், சும்மா போக மனசு வரலை" என்று சிரித்தாள். உன் அலுவலகப் படத்தில் இருப்பதைவிட அழகாக இருக்கிறாள். நீ இதைச் சொன்னதே இல்லை.

ஊதா நிற ஆஸ்டர் பூக்கள் கொண்டுவந்தாள். உன் அம்மாவைப் பற்றித்தான் தெரியுமே, ஜாடியில் வைக்கும்போதே எண்ணிவிட்டார். "பத்து! இரட்டைப்படையில பூ செத்தவங்களுக்குத்தானே வைப்பாங்க? ஏம்மா, கல்லறைக்குப் போற வழியில இங்க வந்துட்டியா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். இங்குனாவின் முகம் சிவந்துவிட்டது. டிராமில் நெரிசலில் ஒன்று ஒடிந்து விழுந்ததாம், அவள் கவனிக்கவில்லை. எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? ஒன்றை எடுத்துவிட்டு ஒன்பதாக்கியிருக்கலாம். செய்யவில்லை. பத்தும் அப்படியே மேசை நடுவில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு பாட ஆரம்பித்தார்கள். நம் ஊரில் நான்கு பேர் கூடினால் மூன்றாம் கோப்பைக் காப்பியில் அது நடந்தே தீரும். வழக்கம்போல் நான் தட்டுகளை அடுக்கினேன். உன் அம்மாவும் வழக்கம்போல், "உன் பேருக்குத்தானே பாடறோம் மருமகளே! வாயைத் திறந்தா முத்தா கொட்டிடும்? என் பையன் பாட்டுக்குழுவிலேயே வளர்ந்தவன், ஊமையைக் கட்டிக்கிட்டான்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். பழகிவிட்டது.

அப்போது இங்குனா சட்டென்று, "விடுங்கம்மா, அவங்களை வற்புறுத்தாதீங்க. பாவம், சின்ன வயசுல அவங்களுக்கு…" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

காத்திஸ், நான் ஏன் பாடுவதில்லை என்பதை உலகத்தில் ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன். ஐந்து குடும்பங்களுக்கு ஒரே குளியலறை. தாழ்ப்பாள் உடைந்த கதவு. உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று எட்டு வயதில் நடுங்கிக்கொண்டே சத்தமாகப் பாடிக் குளித்தது. நம் முதல் குளிர்காலத்தில் சொன்னேன். நீ ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்த மௌனத்துக்காகத்தான் உன்னைத் திருமணம் செய்துகொண்டேன்.

கிளம்பும்போது நடையில் நின்று இங்குனா மன்னிப்புக் கேட்டாள். "அவர் எப்பவும் உங்களைப் பத்தியேதான் பேசுவார்" என்றாள். ஆறுதலாகச் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை; அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் போனதும் உன் அம்மா என்னிடம் கேட்டார்: "எனக்குத் தெரியாதது அவளுக்கு என்னடி தெரியும்?" நான் கோப்பைகளைக் கழுவப் போனேன்.

இன்று காலை என் தவற்றைச் செய்தேன். பட்டியலின் ஓரத்தில் நீங்கள் இருவரும் பேசி முடித்து மூடிவைத்த குறிப்புகளைத் திறந்தேன். அவை எனக்காக எழுதியவை அல்ல என்று தெரிந்தும் எல்லாவற்றையும் படித்தேன். ஒரு காதல் வார்த்தைகூட இல்லை. இருந்திருந்தால் கத்தியிருப்பேன், எளிதாக இருந்திருக்கும். சொற்கள்தான், பக்கம் பக்கமாக. அவள் ஒன்று சொல்ல, நீ மறுக்க, அவள் கேலி செய்ய, நீ விழுந்து விழுந்து சிரிக்க. என்னிடம் மழை, தூக்கம்; அவளிடம் நீ இத்தனை பேசுகிறவனா?

பதினேழாவது சொல், 'கான்ஃபிடென்ஷியல்'. நம்பி ஒப்படைக்கப்பட்டது என்று பொருள் கொடுத்திருக்கிறாய். நல்ல பொருள். உதாரணம்: "என் மனைவி ஏன் பாடுவதில்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும்." அதன் கீழே அவள், "இப்ப எனக்கும் தெரிஞ்சாகணுமே!" அதன் கீழே நீ, நான்கு வரியில், என் குளியலறையை, என் எட்டு வயதை.

நீ வேறு யாரைப் பற்றியாவது அவளிடம் பேசியிருக்கலாம். என்னைக் கொடுத்து அவளுடைய நட்பை வாங்கியிருக்கிறாய். வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் உனக்கும் பேச ஆள் வேண்டும்தான். அந்த ஆள் நானாக இல்லை என்பதுதான் வலிக்கிறது. அப்படிப் பேசச் சொல்லி நானும் உன்னிடம் கேட்டதில்லையோ என்னவோ.

பட்டியலில் நான் எதையும் அழிக்கவில்லை. அந்த வாக்கியத்தை நீயே எடுத்துவிடு. அவளோடு பேசாதே என்று சொல்லமாட்டேன். சொன்னால் நான் சின்னவளாகிவிடுவேன், நீ பொய் பேசப் பழகிவிடுவாய். அந்த வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கும்படி எனக்கு எழுது. தொலைபேசி வேண்டாம். நான் அங்கே வந்தால், நமக்குள் சொன்னது நமக்குள்ளேயே இருக்குமா என்று மட்டும் எழுது. அதைப் படித்துவிட்டுத்தான் பையைத் திறப்பேன்.

குளிர் தொடங்கிவிட்டது, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கோபத்திலும் நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதற்கு என்ன பதில் எழுதலாம் என்று அவளைக் கேட்காதே. சொற்கள் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, உன்னுடையவையாக இருக்கட்டும்.

உன்,
யவுஸ்மா