பெட்டியை மூடிவிடாதீர்கள்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். சாயந்தரம் வீட்டுக்காரம்மா மறுபடியும் வந்து, இன்னும் ஒரு வருஷம் இருப்போமா என்று முடிவாகக் கேட்பார். நேற்று என்னைக் கேட்காமல் தலையாட்டியதுபோல் இன்றும் ஆட்டிவிடாதீர்கள். "ஆறு மாசம்தான்" என்று சொல்லித்தானே இந்த வெளிநாட்டு வயக்காட்டுக்குக் கூட்டிவந்தீர்கள்? மூன்று வருஷமாக, ஜன்னலைத் திறந்தால் மாடுகள்தான் என்னை வேடிக்கை பார்க்கின்றன. இருப்புக்கொள்ளவில்லை. தார் ரோடு வரை சைக்கிள் மிதித்துவிட்டு வருகிறேன்.

பி.கு: நேற்றுக் கோபத்தில் நான் அடுக்கிய பெட்டியை மூடிவிடாதீர்கள். பூனை உள்ளே குட்டி போட்டிருக்கிறது, ஊருக்குப் போகும்போது கட்ட வைத்திருந்த புடவை மேலேயே. "குட்டி கண்ணு தொறக்கிற வரைக்கும் பெட்டிய யாரும் தொடக் கூடாது" என்று உங்கள் மகள் உத்தரவு.

வீட்டுக்காரம்மா கேட்டால், அதுவரைக்கும் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீங்களாகச் சேர்க்காதீர்கள்.