சிவப்பு நூல் கட்டிய கம்பி

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது.

நீ அங்கு உடல்நலத்தோடும் வேலையில் கவனத்தோடும் இருக்க வேண்டும் என்ற என் விருப்பத்தில் இன்றும் எந்த மாற்றமும் இல்லை. இங்கு உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாடிக் குழாய் ஒழுகியதை ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டோம், உன் பழைய சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால் அம்மா சம்மதிக்க மறுக்கிறாள். நலம் என்ற தலைப்பில் எழுதத் தகுந்தவை இவ்வளவுதான். மற்றதை வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது என்பதால், ஒரு காகித ஆலையின் கொதிகலனைப் பற்றி நான் எழுத வேண்டிய அறிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு அலுவலக மேசையில் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். போனில் என் குரல் உயரும், உயர்ந்தால் நீ என் கோபத்துக்குப் பதில் சொல்வாயே தவிர நான் சொல்லும் செய்திக்குப் பதில் சொல்ல மாட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் மாமாவிடம் பேசியபோது நான் அவருடைய தையற்கடையில், துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வழக்கம்போல் அவர் உன்னை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "மாமா, எனக்கு எத்தனை தடவ சொல்லிக் குடுத்தீங்க, துப்பாக்கியில கம்பி விட்டுப் பாக்காம மருந்து போடாதேன்னு? நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டாய். துணி வாங்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பட்டன் தைத்துக்கொண்டிருந்த உன் அத்தை தலை நிமிராமலே, "கேளு கண்ணு, நல்லாக் கேளு, இந்த மனுஷனுக்கு நான் சொன்னா உறைக்காது" என்றாள். உன் மாமா அடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "வயசாயிடுச்சு மாப்ள, ஞாபகம் நிக்க மாட்டேங்குது" என்று சொன்னார். அவர் என்னைவிட ஏழு வயது இளையவர். நேற்று உடுப்பு வாங்கிப்போனவனின் தோள் அளவு இன்றும் அவருக்கு மனப்பாடமாக இருக்கிறது. நான் எதுவும் சொல்லக் கூடாது என்று ஏற்கெனவே அவர் என் வாயை அடைத்திருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டதற்குப் பிறகுதான் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இந்த அறுவடை முடிந்து புறாக்கள் இறங்கத் தொடங்கிய முதல் நாள் காலையில் உன் மாமாவும் செங்கல் சூளைக்காரரும் கல்குவாரிக் குட்டைக்குப் போயிருக்கிறார்கள். உனக்குத் தெரிந்த இடம்தான், அறுத்து முடித்த வயல்களில் மேய்ந்துவிட்டுப் புறாக்கள் தண்ணீருக்கு இறங்கும் அந்தக் கிழக்குக் கரை. நீ புறப்பட்டுப் போனதற்குப் பிறகு குழலின் வாய் வழியாக வெடிமருந்து இடிக்கும் அந்தப் பழைய துப்பாக்கி உன் அறை அலமாரியிலிருந்து வெளியே வரவே இல்லை, அன்றுதான் மாமா எடுத்தார். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மாட்டும் முனையில் இருந்த துருவைத் தையல் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார், குழலில் மருந்து கொட்டினார், கடையில் மிஞ்சிய வெட்டுத் துணியைச் சுருட்டித் தக்கையாக வைத்து இடித்தார், ஈய ரவை போட்டார், மேலே இன்னொரு துணித் தக்கை வைத்தார், புறாக் கூட்டம் கரையைத் தாண்டி எழும்பும்வரை காத்திருந்தார். உட்கார்ந்திருக்கும் பறவையை அவர் சுடுவதில்லை. பொம்மைக்குச் சட்டை அளவு எடுக்கற மாதிரி, அதுல என்ன பெருமை என்று உன்னிடமும் சொல்லியிருப்பார். சூளைக்காரர் என்னிடம் சொன்னது இது: "முதல் வெடிதான் சார், ஆனா சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. புறா எல்லாம் போயிடுச்சு, இவரு பாட்டுக்குக் கையப் பாத்துக்கிட்டு நிக்கறாரு." துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கும் இடத்தில் குழல் பிளந்து விரிந்துவிட்டது. இடது கையின் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் போயின. எங்கே போனாலும் கழுத்தில் கிடக்குமே அந்த அளவு நாடா, அதை எடுத்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டித்தான் சூளைக்காரர் அவரை வண்டியில் ஏற்றியிருக்கிறார். வீட்டிலேயே ஒருமுறை மருந்து போட்டுக்கொண்டு வந்ததை மறந்து குட்டையில் மறுபடியும் போட்டுவிட்டேன் என்று உன் மாமா மருத்துவரிடம் சொன்னார், போலீஸிடமும் அதையே சொன்னார், உனக்கும் அதுதான் சொல்லப்பட்டது.

நானும் அதைத்தான் நம்பினேன், உன் அம்மா வாயைத் திறக்கும்வரை. அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அழுது அழுது ஓய்ந்தவள், மனத்தைத் தேற்றிக்கொள்ளப் பிள்ளையின் நினைப்பை எடுத்துக்கொண்டாள். "அவன் கிளம்பின அன்னைக்குக் காலையில தனியாப் போயிட்டு வந்தானே, ஏர்போர்ட் போற வழியில சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். கடைசிப் புறா பொழச்சுதும்மா, துப்பாக்கி டிக்குனு சொல்லிட்டுச் சும்மா இருந்துடுச்சு, அந்தப் புறா என்னைத் திரும்பிப் பாத்துட்டுப் போச்சுன்னு" என்று சொல்லிவிட்டு அவளும் லேசாகச் சிரித்தாள். அவளுக்குத் துப்பாக்கியைப் பற்றி எதுவும் தெரியாது. என் தொழில் உனக்குத் தெரியும். வெடித்த கொதிகலன்களுக்கு முன்னால் நின்று, கடைசியாக இதைக் கையாண்டவர் யார் என்று கேட்டே என் தலை நரைத்தது. மறுநாள் குட்டைக்குப் போனேன். கரிந்த துணித் துண்டுகளுக்கு நடுவில், புல்லில், வட்டமாக வெட்டிய பச்சைக் கம்பளித் தக்கை ஒன்று ஓரம் கருகிக் கிடந்தது. நீ அங்கிருந்து டப்பாவில் வாங்கிக்கொண்டு வந்தாயே, "துப்பாக்கிக்கு ஸ்வெட்டர் போடறியா மாப்ள?" என்று மாமா கேலி செய்தாரே, அவர் ஒருநாளும் தொடாத அந்தத் தக்கை. கேப்பு வெடித்து மருந்து பற்றாமல் போனால் அந்த மருந்து குழலுக்குள்ளேயே இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். கார் வாசலில் நின்றது, அம்மா அவசரப்படுத்தினாள், நீ அதை அப்படியே அலமாரியில் சாத்திவிட்டு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் விமானம் ஏறினாய். மறந்தாயா, வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டாயா, அங்கே போய் நினைவு வந்தும் பரவாயில்லை என்று இருந்தாயா என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்வியை அறியாமல் கேட்டாய் என்றே நம்ப விரும்புகிறேன், நம்புவதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை.

தக்கையை எடுத்துக்கொண்டு போய் உன் மாமாவின் கட்டில் ஓரத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "அக்காவுக்குத் தெரியுமா?" என்பதுதான். பிளந்த குழலிலிருந்து அது தெறித்து விழுந்ததை அந்த நிமிடமே பார்த்திருக்கிறார், வண்டியில் போகும்போதே பொய்யைத் தயார் செய்திருக்கிறார். கம்பி விட்டுப் பார்க்கச் சொல்லித் தந்தவர் நீங்கள், நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "உள்ளதைச் சொல்றேன் அத்தான், கம்பியக் கையில எடுத்துட்டேன். கடைசியா வச்சது மாப்ளயாச்சே, அவன் அப்படி வச்சிட்டுப் போக மாட்டான்னு தோணுச்சு. விட்டுப் பாத்தா அவனச் சந்தேகப்படற மாதிரி இருந்துச்சு, கீழ வச்சிட்டேன். நூல் கட்டினதே நான், நான் பாக்கல. அப்போ யாரு தப்பு, நீங்களே சொல்லுங்க" என்றார். அந்த நூல் உனக்கு நினைவிருக்கும். வெறும் குழலில் கம்பியை விட்டால் எதுவரை இறங்குமோ அந்த இடத்தில் கடையிலிருந்து சிவப்பு நூல் எடுத்துச் சுற்றி மெழுகு தடவி வைத்தார், நூல் குழலின் வாயைத் தொட்டால் காலி, மேலே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது, நீ முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் உனக்காகக் கட்டியது. அவர் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை, வேறொருவர் வழக்கானால் அந்தப் பாதியை அறிக்கையில் எழுதியிருப்பேன். ஆனால் மீதிப் பாதியை யார் பெயரில் எழுதுவது என்று கேட்டபோது அவர் மறுகையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "அவன் பல்லு பாக்கற கை அத்தான் அது, நடுங்கக் கூடாது. நீங்க சொல்லிட்டீங்கன்னா வேலை செய்யும்போதெல்லாம் அவன் கைய அவனே பாத்துக்கிட்டு இருப்பான். எனக்குப் போனது போச்சு, அவனுதும் போகணுமா?" என்றார். சத்தியம் எதுவும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அதை மீறுவது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு இங்கே என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள். துணியை ஊசிக்கு அடியில் தள்ளித் திருப்புவது இடது கை. மிஞ்சியிருக்கும் இரண்டு விரல்களால் அவர் நேர்த்தையல் போட்டுவிடுகிறார், காலரும் கைப்பட்டியும் வளைந்து போகின்றன, அவற்றை உன் அத்தை பிரித்துத் தைக்கிறாள். அதைக்கூட ஊர் பொறுத்துக்கொள்ளும். ஊருக்குப் பிடித்துப்போனது மறதி. "டபுள் தையல் போட்டுப் போட்டுப் பழகின ஆளு, துப்பாக்கிக்கும் டபுளாப் போட்டுட்டாரு" என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, இப்போது அவருக்கு டபுள் தையல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அளவு கொடுத்தவர்கள், "எழுதி வச்சுக்கங்க, மறந்துடப் போறீங்க" என்கிறார்கள். ஒருமுறை அளந்ததை மறுமுறை அளந்து பார்க்காமல் கத்தரியைத் தொடாத மனிதரிடம் சொல்கிறார்கள். பள்ளிச் சீருடை இந்த வருடம் வேறு கடைக்குப் போய்விட்டது, காரணம் கேட்டால் கை என்று சொல்ல மாட்டார்கள், கவனம் என்றுதான் சொல்கிறார்கள். உன் அத்தை சாப்பாடு பரிமாறும்போதும் அதையே சொல்லிக் காட்டுகிறாள், "ரெண்டு தடவ சாப்பிட்டுடப் போறீங்க, இது முதல் தடவ" என்கிறாள். அவர் சிரிக்கிறார். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, கோபப்பட அவளுக்குக் காரணம் உண்டு, கோபப்பட வேண்டிய ஆள்தான் வேறு. உன் அம்மா என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டாள். அந்தப் புறாக் கதையை அதற்குப் பிறகு அவள் யாருக்கும் சொல்லவில்லை. தினமும் தம்பி வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறாள், போகும்போது என்னிடம், "எழுதிடாதீங்க, தனியா இருக்கான், ஒடஞ்சிடுவான்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இத்தனை வருடம் அடுத்தவர் தவறைப் பெயர் போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டவன், என் வீட்டுத் தவறை என் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். கடையில் யாராவது அந்தக் கேலியைச் சொல்லும்போது நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நான் உண்மையைச் சொன்னால் அவர் மறுப்பார், மறுத்தால் எல்லோரும் அவரைத்தான் நம்புவார்கள், மைத்துனர் மேல் உள்ள பாசத்தில் பெற்ற பிள்ளையையே அப்பன் காட்டிக்கொடுக்கிறார் என்று பேசுவார்கள். தக்கை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

உன்னிடம் நான் அழுகையை எதிர்பார்க்கவில்லை. நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவதையும் எதிர்பார்க்கவில்லை, வந்தால் அவர் உனக்கும் சேர்த்து இன்னொரு பொய் தயார் செய்வார். மாமாவுக்குத் தனியாகப் போன் செய்து மன்னிப்புக் கேட்காதே, அவர் ஒரே நிமிடத்தில் மன்னித்துவிட்டு அத்தையிடம் மூச்சுவிட மாட்டார், அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும். என்னால் செய்ய முடியாமல் உன்னால் மட்டும் செய்ய முடிவது ஒன்றுதான், அது என்ன என்பது இவ்வளவு படித்த உனக்கு விளங்கும். உன்னை வற்புறுத்த என்னிடம் எந்த அதிகாரமும் மிச்சமில்லை. நீ இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தாலும் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கை நடுங்கும் என்று அவர் பயப்பட்டது நடந்தாலும் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அதை நினைத்துத்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன், அதையும் மீறித்தான் எழுதுகிறேன்.

துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனபோது கம்பியை மட்டும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். உயரத்தில் மாட்டியிருக்கும் சட்டைகளை அதன் நுனியால் கொக்கியோடு தூக்கி இறக்குகிறார், ஒற்றைக் கைக்கு வசதியாக இருக்கிறதாம். சிவப்பு நூல் அப்படியே இருக்கிறது. இது என்ன நூல் என்று கேட்பவர்களிடம், "என் மருமகன் கவனமா இருக்கணும்னு கட்டினது, அவன் இருந்தான், நான்தான் கோட்ட விட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே, அம்மா சொல்லச் சொன்னாள். உனக்கு எல்லா நன்மையும் கிடைக்கட்டும், அந்த ஆசியில் நான் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறந்திருக்கும், துணி வாங்க ஆட்கள் வந்திருப்பார்கள், அத்தை பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள், நீ கூப்பிட்டால் அவர் ஸ்பீக்கரில்தான் போடுவார். மேசைக்குப் பக்கத்தில் நானும் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா