பெயர் எழுதாத படத்தில் ஒரு சிவப்பு

அம்மாவுக்குத் தங்கமாரி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? வரும் அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுத்துவிடச் சொல்லிச் சித்தப்பா நெருக்குவதாகச் சொன்னாய். போனில் எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் கடிதம்.

நேற்று கம்பெனியில் எங்கள் லைனுக்குப் பொருத்த வேண்டிய பாகம் வராமல் வேலை நின்றது. பயிற்சி கொடுக்கும் ஜெர்சி அக்கா, நாட்டுப் பெயர் எழுதாத உலக வரைபடங்களைத் திரையில் காட்டி, எது எதைச் சொல்கிறது என்று கேட்டார். ஒன்றில் நம் நாடு பூசணிக்காயாக ஊதியிருந்தது. “ஜனத்தொகை!” என்று எல்லோரும் கத்தினார்கள். அடுத்ததில், அப்பா வேலைக்குப் போன பக்கம், அரபு நாடுகள் அடர் சிவப்பாக இருந்தன.

“எண்ணெய்க்கா!” “வெயிலுக்கா!”

பக்கத்தில் இருந்த வடக்குப்பட்டு சுபஸ்ரீ என்னை இடித்தாள். “இன்னாடி, வாயில கொழுக்கட்டையா கீது? நீயும் சொல்லேன்.”

“வெளிநாட்டுல இருந்து பொழைக்க வந்தவங்க” என்று எழுந்து சொன்னேன். அதுதான் சரியாம். கைதட்டினார்கள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

“மூணு வருஷமா போன் பேசாதவங்களையும் இதுல எண்ணிருப்பாங்களாக்கா?”

அக்கா சிரித்துக்கொண்டே, “உயிரோட இருந்தா எண்ணிருப்பாங்கம்மா” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

கண்ணை மூடினால் அந்தச் சிவப்புதான் தெரிகிறது. பயப்படாதே, நன்றாகச் சாப்பிடுகிறேன். அப்பாவின் பாஸ்போர்ட் நகலை அனுப்பு, அக்கா விசாரிக்கிறாராம். அப்பாவின் கட்டம் போட்ட கைலியையும் சேர்த்து வை, விடுதியில் குளிர்கிறது.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. திதி கொடுக்காதே அம்மா. யார் சொன்னாலும் பொட்டை அழிக்காதே.

தங்கமாரி