செல்வியின் மாத்திரை

புதன், இரவு.

ஈஜோக்கிலிருந்து வரும் செல்விக்கு நுரையீரல் தமனியில் உயர் ரத்த அழுத்தம். ஆஸ்துமா என்று பல இடங்களில் பம்ப் வாங்கி இழுத்த பிறகு, இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் உறுதியானது. போன முறை சில்டெனாஃபில் எழுதிக் கொடுத்தேன். இன்று வாசலிலிருந்து நாற்காலிக்கு வரவே நின்று நின்று வந்தாள்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?"

லோரி ஓட்டும் கணவர் முந்திக்கொண்டார். "நான் தவறாம சாப்பிடுறேன் டாக்டர். தலைவலிதான் தாங்கல லா."

அது வயாக்ரா, ஆம்பளை மாத்திரை என்று கூட்டாளி சொன்னாராம். அவருக்கான மாத்திரையை நான் நாகரிகம் கருதி மனைவி பெயரில் எழுதியதாக நினைத்து, அவள் நன்மைக்காக விழுங்கியிருக்கிறார்.

நுரையீரல் ரத்தக் குழாயையும் அது தளர்த்தும் என்று விளக்கினேன். செல்வி சிரிக்கத் தொடங்கி, மூச்சுப் போதாமல் பாதியில் நிறுத்தினாள். அவர் ஒரு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

மீதிச் சிரிப்பை அடுத்த முறை வந்து சிரிக்கட்டும்.