இனெஸ் ஸ்ட்ரவுடின் ஓட்டு

பிப்ரவரி 9

பனி. சட்டமன்றம் இல்லை. தொகுதியில் ஒரு வீட்டுக்கு மட்டும் போனேன். இனெஸ் ஸ்ட்ரவுட் — பல வாரமாக என் அலுவலகத்துக்குப் போன் செய்துகொண்டிருந்தவள். மகன் டேரல் பெரியவன்தான், ஆனால் படுக்கையில். தொண்டையில் குழாய், மூச்சுக்கு இயந்திரம். சளி அடைத்தால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். அவனைத் தனியே விட்டு அவளால் வாக்குச்சாவடிக்குப் போக முடியாது. போன நவம்பரில் அஞ்சல் வாக்குக் கேட்டிருக்கிறாள். நோயாளிக்கு உண்டு, நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குச் சட்டத்தில் இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

"அவன் ஓட்டு தபால்ல போச்சு. உறையை ஒட்டுனது நான். எனக்குத்தான் ஓட்டு இல்ல."

அவள் கொடுத்த சோள ரொட்டியைத் தின்றுகொண்டே கேட்டேன்.

பிப்ரவரி 22

காரணம் கேட்காமல் யாருக்கு வேண்டுமானாலும் அஞ்சல் வாக்குத் தரும் மசோதா வந்திருக்கிறது. கொண்டுவந்தது எதிர்க்கட்சி.

மார்ச் 3

எங்கள் சட்டமன்றக் கட்சித் தலைவர் கிரேடி பெல் தன் அறைக்குக் கூப்பிட்டார். கள்ள ஓட்டு பெருகும் என்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது; அதனால்தான் மசோதாவில் கையெழுத்தைச் சரிபார்க்கும் பிரிவைச் சேர்க்க வைத்தேன். அதைச் சொன்னேன்.

"வெர்னா, உன் மனசு எனக்குத் தெரியும். ஆனா இதுக்கு ஆதரவா ஓட்டு போட்டா, நவம்பர் தேர்தல்ல உனக்காக ஒரு வீட்டுக் கதவைக்கூட நாங்க தட்ட மாட்டோம்."

கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 4

தோற்றால் மறுபடி பன்றி வளர்க்கலாம் என்கிறார் என் கணவர் ராய். அவருக்கென்ன! எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கே — அது தப்பா?

மார்ச் 17

வாக்கெடுப்பு. பேச நினைத்ததெல்லாம் மறந்துபோனது. மகனின் உறையை ஒட்டிய அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது. மதியச் சாப்பாட்டின்போது எங்கள் கட்சிக்காரர்கள் யாரும் என் மேசைக்கு வரவில்லை.

மே 19

பட்ஜெட். வீட்டுக்கு வரும் நர்ஸுகளின் நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். இந்த முறை கட்சியோடு நின்றேன். இன்னொரு சண்டைக்கு என்கிட்ட தெம்பு இல்ல. அவ்வளவுதான்.

அக்டோபர் 11

கிரேடி சொன்னபடியே நடந்துகொண்டார். தேர்தல் விளம்பரப் பலகைகளை ராயும் நானும்தான் நட்டோம்.

நவம்பர் 7

சாவடி ஓட்டுகளில் முன்னால் இருந்தேன். அஞ்சல் ஓட்டுகளை எண்ண எண்ண முன்னிலை குறைந்தது. தோற்றுவிட்டேன். ராய் காபி போட்டுக் கொடுத்தார்.

நவம்பர் 10

இனெஸ் கூப்பிட்டாள்.

"நேராவே சொல்லிடறேன், வெர்னா. உங்களுக்கு நான் போடல. நர்ஸ் நேரத்தை வெட்டுனப்ப நீங்களும் சரின்னுதானே சொன்னீங்க."

ஆமாம் என்றேன். போனில் இயந்திரம் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ஆனா இந்தத் தடவை நான் ஓட்டு போட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நர்ஸ் எந்த நாளில் வருவதில்லை என்று கேட்டேன். வியாழன் என்றாள். வியாழக்கிழமை இனி எனக்கும் சட்டமன்றம் இல்லையே. வந்து டேரலோடு இருக்கிறேன், நீ வெளியே போய் வா என்றேன். அப்படியானால் ஒரு மணிநேரம் முன்னாலேயே வரச் சொன்னாள். குழாயில் சளி எடுக்கக் கற்றுத் தருவாளாம்.