கழுதை என்ற சொல்லுக்குத் தாழைநாட்டின் மறுமொழி

மங்கலம் பெருகுக. நாரைக்கொடி பறக்கும் தாழைநாட்டை ஆளும் மாதேவி அரும்பொற்செல்வி, மலையும் மதயானையும் தமக்கே உரிய கருங்கானத்து மன்னர், பகைவர் கனவிலும் வாள் வீசும் எயினங்கோ அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஆநிரை பெருகுக. தங்கள் சுனைகள் கோடையிலும் வற்றாதிருக்க. தங்கள் சினம் மட்டும் சற்றே குறைக.

நம் வேனில் விழாவுக்குத் தங்களை அழைத்து அனுப்பிய ஓலை தங்கள் பேரவையில் உரக்கப் படிக்கப்பட்டபோது, "பரிவாரத்துடன் எழுந்தருள வேண்டும்" என்ற வரியை அடுத்து, "கை விளங்காத கழுதையே, காய்ச்சல் என்று எழுந்து போனால் நாளை இங்கே கால் வைக்காதே" என்றும் இருந்ததாகத் தங்கள் தூதர் வந்து முறையிட்டார். எழுதிய கையை வெட்டி அனுப்பாவிடில் எல்லையில் படை நிற்கும் என்றார். தங்கள் அவையில் சிலர் வாய்பொத்திச் சிரித்ததையும் அவர் மறைக்கவில்லை. கேட்டு நாணினோம், பிறகு விசாரித்தோம்.

எழுதியவள் ஏலவல்லி, நம் எழுத்தறையில் பதினோர் ஆண்டுகளாக எழுத்தாணி பிடிப்பவள். அவ்வறையின் தலைவனான ஓலைநாயகன் மருதங்கண்டன், அவளே வேண்டுமென்று இழிசொல்லைச் செருகினாள், கையை வெட்டுவதே தகும் என்று நம் முன் சாதித்தான். அப்போது மற்ற எழுத்தர் நாற்பதின்மரும் தம் எழுத்தாணிகளை நம் முன் வைத்து, அவள் கை போகுமாயின் தம் கைகளும் இனி எழுதா என்று விண்ணப்பித்தனர். அதுவரை அவர்கள் அஞ்சி நடுங்குவதையே நாம் பார்த்திருந்தோம்.

பிறகு உண்மை வெளிவந்தது. ஓலைநாயகன் இருக்கையிலிருந்து சொல்வதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்பது எழுத்தறையின் பழைய வழக்கம். சொல் விட்டுப்போனால் விரல்மேல் பிரம்படி என்பது மருதங்கண்டன் சேர்த்தது. தண்ணீருக்கு எழுந்தாலும் ஏச்சு. அன்று ஏலவல்லிக்கு உடல் கொதித்தது. வீட்டுக்குப் போக விடை கேட்டாள். அழைப்பைச் சொல்லிக்கொண்டிருந்தவன் அதே மூச்சில் அவளை ஏசினான். அவள் அதையும் எழுதினாள். காய்ச்சலில் எழுதினாளா, கருத்தோடு எழுதினாளா என்று நாம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம்.

அவன் படித்துப் பாராமலே முத்திரையிட்டான். நம் நாட்டில் ஓலையின் அடியில் எவர் பெயர் உள்ளதோ அவரே அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பு. புகழ் முழுதும் தனக்கே சேர வேண்டுமென்று, எழுதியவர் பெயரை விலக்கித் தன் பெயரையே எல்லா ஓலையிலும் பொறிக்கச் செய்திருந்தான் அம்மகான். தங்கள் தூதர் கொணர்ந்த ஓலையை ஏலவல்லி ஏந்தி, "தேவி, சொன்னவரும் அவர், பெயரிட்டவரும் அவர். என் கை என்ன பிழை செய்தது?" என்றாள். அவ்வழக்கை மகிழ்ந்து ஏற்றோம்.

ஆகவே மன்னரே, கை வராது. பதவி இழந்த மருதங்கண்டனே தங்கள் அவையில் மன்னிப்புக் கேட்க வருகிறான்; வேண்டுமளவு நிற்க வைக்கலாம், அடிக்க வேண்டா. இனி நம் நாட்டில் எவ்வேலைத் தலைவனும் தன் கீழுள்ளோரை ஏசலாகாது, அடிக்கலாகாது. பசிக்கும் நோய்க்கும் விடை கேட்பது குற்றமன்று. ஏச்சுக்கு ஆளானவர் நாளும் பொழுதும் குறித்து நேரே நம்மிடம் முறையீடு தரலாம். தந்ததற்காக அவரை எவனேனும் பழிவாங்கினால் அவன் நமக்குப் பகைவன். இதைக் கல்லில் வெட்டி அரண்மனை வாயிலில் நாட்டினோம். ஏலவல்லியே இன்று ஓலைநாயகி. நாற்பதின்மரும் ஆரவாரித்து அவளை இருக்கையில் அமர்த்தியபோது மாடப்புறாக்கள் கலைந்து பறந்தன.

இன்னொன்று. தங்கள் தூதர் இங்குத் தங்கிய நாள்களில் தம் எழுத்தர் இருவரை நம் முற்றத்திலேயே பிரம்பால் அடித்தார். நம் கல்லைப் படித்தபின் அவ்விருவரும் அவருடன் திரும்ப மறுத்துவிட்டனர். அவர்களை அனுப்புமாறு எழுத வேண்டா. இவ்வோலையை, முன்னதைப் படித்த அதே அவையில், தங்கள் எழுத்தர் அனைவரும் கேட்க முழுதும் படிப்பிக்க. நம் எழுத்தறை பெரிது. இன்னும் பல பாய்கள் விரிக்க இடமுண்டு.

நாரை முத்திரை இட்டோம். நம் ஆணை நிற்க.